ஏழாவது பொம்மைக்கு இரண்டு சதவீதம்

1

நேற்று ஆயுத பூஜை. இங்கே ஜெர்மனியில் அது வெறும் வேலை நாள். வழக்கம்போல ஆபீஸுக்குப் போய், ஜூஸ் பாட்டில் மூடி ஒன்றை வார்க்கும் அச்சுக்கு, அதாவது மோல்டுக்கு, படம் வரைந்து கொடுத்துவிட்டு, மாலை வீடு திரும்பி, நிலவறைக்கு இறங்கி, என் த்ரீ-டி பிரிண்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சாம்பிராணி போட ஆசைதான். போட்டால் புகைமணி அலறி தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், அதற்குப் பில்லும் பின்னாலேயே வரும். அதனால் ஊதுபத்தி ஒன்று, அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து. பொரி மட்டும் இலங்கைத் தமிழர் கடையில் கிடைத்தது.

கீழ்வீட்டு ஹில்டா எட்டிப் பார்த்தார். போன வருடம் பிரிண்டரில் ஊற்றும் ரெசின் திரவத்தின் வாடை தாங்கவில்லை என்று வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதிய அதே ஹில்டா. நானும் ஜன்னல் விசிறி வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

"மெஷினுக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார்.

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, பிரிண்டரைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதத் தொடங்கும்போது விஜயதசமி காலை, ஆறு மணி. ஏழரைக்கு ஓசூரிலிருந்து வீடியோ கால் வரும். அங்கே ஒரு பூஜைத் தட்டில் ஏழு சின்ன பொம்மைகள் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கின்றன. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்பதால், அவை ஒன்றோடொன்று சேருமா சேராதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. சேர்ந்தால், இருபது வருடமாக ஒரு மனிதரிடம் நான் சொல்லாமல் வைத்திருப்பதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். சேராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

2

என் முதல் வேலை ஓசூர் சிப்காட்டில், ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில். பர்கூரிலிருந்து டூல் அண்டு டை டிப்ளமோவோடு போனேன். மோல்டு வெட்டுகிற டூல் ரூமில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். வாளி, மக், சோப்பு டப்பா என்று ஓடிக்கொண்டிருந்த கம்பெனி. திடீரென்று முதலாளிக்கு ஆசை வந்தது. பெங்களூர்க்காரர் ஒருவருடைய சோளப்பொரி பாக்கெட்டுக்குள் போட, இரண்டு அங்குல சூப்பர்ஹீரோ பொம்மைகள் செய்யவேண்டும்.

மெழுகில் மூல உருவம் பிடித்துக் கொடுக்க மஞ்சுநாத் அண்ணா இருந்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், லாரி டிரைவர்களிடம் தெலுங்கு. எந்தப் பெரிய விஷயத்துக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "பிடும்மா." விட்டுத்தள்ளு என்பதற்குக் கன்னடம்.

முதலாளி வெளிநாட்டுப் படங்களை அவர் முன்னால் பரப்பினார். அண்ணா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மூஞ்சிங்கல்லாம் எனக்கு வராது சார். தெரிஞ்ச மூஞ்சிதான் கைக்கு வரும்."

அப்படித்தான் எங்கள் ஹீரோக்கள் பிறந்தார்கள். கருங்கல் உடம்போடு கல்லன் என்று ஒருவன். அவன் கழுத்து குவாரியில் வேலை செய்த என் அப்பாவுடைய கழுத்து. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தவரை அரைமணி நேரம் நிற்கவைத்துப் பிடித்த உருவம் அது. ஷிப்ட் தொப்பிக்குள் கொண்டையை அடக்கிய மின்னி. இரண்டு கையையும் விரித்து நிற்கிற எல்லைவீரன், மார்பில் செக்போஸ்ட் கம்பத்தின் கறுப்பு வெள்ளைக் கோடு. சங்கு ஊதியே எதிரியைத் துரத்துகிற ஒருவன், அது சிப்காட் ஷிப்ட் சங்கேதான். இன்னும் இரண்டு பேர். ஏழாவதாகத் தாங்கி. அடுத்தவர் மேல் விழவேண்டிய அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்வதுதான் அவளுடைய சக்தி. இது என்ன சக்தி, இவள் எப்போது திருப்பி அடிப்பாள் என்று முதலாளி கேட்டார். அண்ணா அவளுடைய தோளை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.

ஒவ்வொரு பொம்மைக்கும் வலது கையில் ஒரு சின்ன முளை, இடது கையில் ஒரு துளை. வட்டத் தட்டில் ஏழு குழி. குழிகளில் நிற்கவைத்துக் கைகளைக் கோத்தால் வளையம் பூட்டிக்கொள்ளும். பிறகு யாராவது ஒருவரின் தலையைப் பிடித்துத் தூக்கினால் போதும், ஏழு பேரும் சேர்ந்து மேலே வருவார்கள். பாக்கெட்டில் படம் போட்டுப் பெருமையடிக்க வேண்டிய விஷயம் அதுதான்.

கண் எழுதியவர் மதீனா அக்கா. பெயின்டிங் செக்‌ஷனில் அவர் பிரஷைப் பிடித்தால் பேச்சு நிற்கும், வைத்தால் பேச்சு தொடங்கும். இரண்டிலும் அவருக்கு நிகர் இல்லை.

3

சூடான பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். நாங்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் நூற்றுக்கு இரண்டு சுருங்கும். ஆகவே மோல்டு வெட்டும்போதே இரண்டு சதவீதம் கூட்டி வெட்டவேண்டும். டூல் ரூமில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. கோலம் போடுகிறவளுக்குப் புள்ளி மாதிரி.

தாங்கியின் மோல்டு எனக்குக் கொடுத்த முதல் தனி வேலை. மறுநாள் ஆயுத பூஜை, மெஷினைத் தொடமுடியாது. தாங்கியையும் பூஜையில் வைத்தே ஆகவேண்டும் என்று முதலாளி பிடிவாதம். ஒரு பக்கம் மெஷின்களைக் கழுவுகிறார்கள், ஒரு பக்கம் வாழைக்கன்று கட்டுகிறார்கள். நான் மெழுகு உருவத்தைத் தடவித் தடவி அதே வடிவை இரும்பில் குடையும் மெஷினில் நின்றேன். அளவு விகிதத்தை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துவிட்டேன். இரண்டு சதவீதம் மறந்துபோனது.

சாம்பிள் வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. அப்படியே பொட்டு வைத்துப் பூஜைத் தட்டில் மற்ற ஆறு பேரோடு உட்கார வைத்தோம். பூஜையில் வைத்ததை யார் அளந்து பார்ப்பார்கள்?

விஜயதசமி காலையில் பெங்களூர்க்காரரையும் அழைத்துக்கொண்டு முதலாளி வந்தார். தட்டில் ஏழு பேரையும் நிற்க வைத்தார். ஆறு பேர் கை கோத்துக்கொண்டார்கள். தாங்கியின் கை இரண்டு பக்கமும் எட்டவில்லை. அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம், அரை மில்லிமீட்டர் அந்தப் பக்கம். முதலாளி தூக்கிப் பார்த்தார். வளையம் பிரிந்து, என் அப்பாவின் கழுத்தோடு கல்லன் தரையில் விழுந்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. புரொபேஷனில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

"யாரு வேலை இது?" என்று முதலாளி கத்தினார்.

"என்னுது சார்," என்றார் மஞ்சுநாத் அண்ணா. "மெழுகே சின்னதா புடிச்சிட்டேன். அளவு தப்பிடுச்சி."

மெழுகை அளந்தால் அது பொய் என்று தெரிந்துவிடும். அண்ணா அதைக் கையில் எடுத்தார். தன் தப்பைப் பார்த்து வெறுத்துப் போனவர் போல அப்படியே உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். தாங்கியின் முகம், முளை, துளை எல்லாம் ஓர் உருண்டையாகிப் போயின. இருபது நாள் உட்கார்ந்து பிடித்த உருவம்.

ஏழாவது வேண்டாம் என்று பெங்களூர்க்காரர் போய்விட்டார். ஆறு பேர் மட்டும் கடைக்குப் போனார்கள். அந்த வாரமே அண்ணாவுக்கு வேலை போனது. நான் தொடர்ந்து வேலை பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தக் கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழைக் காட்டித்தான் ஜெர்மனிக்கு வந்தேன். ஒன்பது வரிச் சான்றிதழ். "வேலையில் மிகுந்த கவனம் உடையவர்" என்று ஒரு வரி அதில் உண்டு. விசாவுக்காக மொழிபெயர்த்தவர் அந்த வரியைக் குறிப்பாகப் பாராட்டினார்.

4

மதீனா அக்கா இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். மூன்று வருடம் முன்பு ஒரு நாள் போன் செய்தார்.

"அடியே கோமதி, ஒருத்தரு கடைக்கு வந்தாரு. தாடி வச்சிக்கினு, பெரிய கார்ல. வளையல் கேக்கப்போறாருன்னு பாத்தா, கல்லன் இருக்குதாக்கான்றாரு! சின்ன வயசுல வச்சிருந்தாராம். அவுங்க ஒரு கூட்டமே போன்ல குரூப் போட்டுத் தேடிக்கினு கீறாங்களாம்."

பழைய முதலாளியிடம் கேட்டோம். "தாராளமா செஞ்சுக்கோங்கம்மா. மோல்டு எல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு," என்றார். ஆக, இரும்பு இல்லை, மெழுகு இல்லை. மீண்டும் கொண்டுவர ஒரே வழி கம்ப்யூட்டரில் உருவம் பிடிப்பது.

"நீ கம்ப்யூட்டர்லதான மோல்டு வரையிற? பொம்மை வரையமாட்டியா?" என்றார் அக்கா. மூடி வரைவதும் முகம் வரைவதும் ஒன்றில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லாமல், சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன். திரையில் ஓர் உருண்டை இருக்கும், களிமண் என்று அதற்குப் பெயர். பேனாவால் அழுத்தினால் குழியும், இழுத்தால் நீளும். என் முதல் மனிதத் தலையைப் பார்த்த மகள் இனியா, "உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு," என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும், கேலி மட்டும் தமிழில் வரும். அந்தமட்டும் சந்தோஷம்.

இந்த ஜூன் மாதம் அக்கா தன்னிடம் இருந்த ஆறு பொம்மைகளையும் பார்சல் செய்து அனுப்பினார். ஸ்கேன் எடுத்து, அதன் மேல் வேலை செய்யவேண்டும். பார்சல் வரவில்லை, சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனியாவை அழைத்துக்கொண்டு போனேன். என் ஜெர்மன் பிழைகளைக் கேட்டு அவள் நெளிவாள், ஆனால் படிவங்களை என்னைவிட வேகமாகப் படிப்பாள்.

கவுன்டரில் இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். இது பொம்மையா, சேகரிப்புப் பொருளா என்று கேட்டார். பொம்மை என்றால் ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரை வேண்டுமாம். சேகரிப்புப் பொருள் என்றேன். என் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார்.

"ஆறு என்று எழுதியிருக்கிறது. இங்கே ஏழு இருக்கிறதே."

ஏழாவது, கன்னடச் செய்தித்தாளில் தனியாகச் சுற்றியிருந்தது. பெயின்ட் இல்லாத வெள்ளை பிளாஸ்டிக். மற்றவர்களைவிட ஒரு மயிரிழை சின்னது. நெற்றியில் பழைய குங்குமத்தின் கறை.

தாங்கி. நான் வெட்டிய தாங்கி. அக்காவின் பார்சலில் இதைச் சேர்த்துவிட்டது மஞ்சுநாத் அண்ணாதான். இருபது வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார்.

நான் அழத் தொடங்கினேன். சுங்க அலுவலகத்தில் அழுவது நல்ல யோசனை இல்லை. அதிகாரி முகம் மாறியது.

"இது ஏன் பட்டியலில் இல்லை?"

"இது என் தவறு," என்றேன். பொம்மையைப் பற்றித்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது வாழ்நாளில் அதுதான் முதல்முறை. சொல்லவேண்டியவரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடம்.

அவர் அதைப் பட்டியல் பிழை என்று எடுத்துக்கொண்டார். "தவறை ஒப்புக்கொள்பவர்களுக்கு இங்கே ஒரு படிவம் இருக்கிறது," என்று எடுத்துக் கொடுத்தார். இருபது வருடப் பாரத்துக்கு இந்த நாட்டில் ஒரு பக்கப் படிவம். கையெழுத்துப் போட்டேன். கடைசியில், "அழகான பொம்மை. பத்திரம்," என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும்.

வெளியே வந்ததும் இனியா பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தானே தூக்கி வந்தாள்.

5

கோடை முழுக்க அந்த முகங்களோடு இருந்தேன். பிள்ளைகள் கடித்து, உரசி, மூக்கு மழுங்கிப்போன பொம்மைகள். கல்லனின் கழுத்து நரம்பைத் திரும்பக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. அப்பா இறந்து எட்டு வருடம். திரையில் பெரிதாக்கி, பேனாவால் அந்த நரம்பைத் தொட்டு இழுக்கும்போது அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. சந்தேகம் வந்தால் படம் எடுத்து, அக்கா கொடுத்த நம்பரில் மஞ்சுநாத் அண்ணாவுக்கு அனுப்புவேன். அவர் சொந்தமாக விநாயகர் சிலை செய்கிறார், கல்யாண மண்டபங்களுக்கு தெர்மோகோல் யானை செய்கிறார். "மூக்கு தூக்கும்மா. நீ ஜெர்மன்காரன் மூக்கு வச்சிட்ட," என்று பதில் வரும். இருபது வருடக் கதை எதையும் அவர் பேசவில்லை. அந்தச் சின்னத் தாங்கியைப் பற்றிக்கூட. நானும் மூக்கைப் பற்றி மட்டுமே பேசினேன். கோழைத்தனத்துக்கு வயது ஏறுவதில்லை.

தாங்கியைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஸ்கேன் செய்தபின் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்த எண்ணை மாற்றினேன். நூறு என்று இருந்ததை நூற்றிரண்டு என்று. அவ்வளவுதான். ஓர் இரும்புக் கட்டியும் ஒருவரின் வேலையும் போன இடத்தில், இன்று ஒரு எண்.

செப்டம்பரில் ஏழு ஃபைல்களையும் ஓசூருக்கு அனுப்பினேன். பாகலூர் ரோட்டில் ஒரு பிரிண்டிங் கடையில் அச்சடித்தார்கள். பழைய வட்டத் தட்டும் கிடைத்துவிட்டது. அண்ணா வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்ததாம். பிறகு மதீனா அக்கா போன் செய்தார்.

"கால் குழியில எறங்கமாட்டேங்குதுடி. தாங்கி மட்டும் நல்லா உக்காருது. மத்த ஆறு பேரும் பெருத்துப் போயிருக்காங்க. ஜெர்மன் சாப்பாடு போட்டியா இன்னா?"

ஓடிப்போய் ஃபைல்களைப் பார்த்தேன். ஏழுக்கும் இரண்டு சதவீதம் கூட்டியிருந்தேன். மற்ற ஆறும் ஏற்கெனவே சுருங்கிச் சரியான அளவில் இருந்த பொம்மைகள், அவற்றுக்குக் கூட்டவே கூடாது. மூடிக்கு மூடி, இருபது வருடமாக, இரண்டு சதவீதம் போட்டாயா என்று மூன்று முறை சரிபார்த்துப் பழகிய கை. என்னை அறியாமல் எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டது.

அக்கா போனை அண்ணாவிடம் கொடுத்தார். மீண்டும் அதே பொம்மைகள், மீண்டும் அதே அளவு, மீண்டும் நான். என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அன்னிக்கு மறந்துட்ட. இன்னிக்கு மறக்கத் தெரியல உனக்கு. பிடும்மா. திரும்ப அனுப்பு."

அப்படியானால் அன்றைக்கே அவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் வாயிலிருந்து வந்து கேட்டது அன்றுதான்.

ஆறு ஃபைல்களை நூறுக்கு இறக்கி மறுபடி அனுப்பினேன். கடையில் வேலை குவிந்து கிடந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அச்சடித்துக் கொடுத்தார்கள். கடையை மூடி மெஷினுக்கு மாலை போடும் அவசரம். கோத்துப் பார்க்க நேரமில்லை, அண்ணா அப்படியே எடுத்துப் போய்ப் பூஜையில் வைத்துவிட்டார்.

6

ஏழரை மணிக்குக் கால் வந்தது. மதீனா அக்கா போனைப் பிடித்திருந்தார், அதாவது பாதி நேரம் உத்தரம்தான் தெரிந்தது. இனியா பள்ளிக்கூடப் பையோடு என் பின்னால் வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ் இருக்கிறது என்றாள்.

மஞ்சுநாத் அண்ணா தடித்திருக்கிறார். கண்ணாடி வந்திருக்கிறது. முன்னால் அந்த ஊறுகாய்த் தட்டு. ஒவ்வொருவராகக் குழியில் இறக்கினார். கல்லன் இறங்கினான். மின்னி, எல்லைவீரன், சங்குக்காரன், மற்ற இருவர். ஆறு பேர் கை கோத்துக்கொண்டார்கள். கடைசியாகத் தாங்கியை எடுத்தார்.

சேர்ந்தால் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதுவரை பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, ஒரு நிமிஷம். அன்னிக்கு அது என் தப்பு. நான் வாயத் தொறக்காம நின்னுட்டேன். உங்க வேலை போச்சு. இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லல. மன்னிச்சிடுங்கண்ணா."

அண்ணா தாங்கியைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"நீ பேசியிருந்தா ரெண்டு பேரும் வெளிய போயிருப்போம்மா. ஒருத்தர் போனா போதும்னு தோணிச்சு. எனக்கு களிமண்ணு எங்க போனாலும் கெடைக்கும். உனக்கு அந்த ஒரு சர்டிபிகேட்டுதான."

"மெழுக ஏண்ணா நசுக்குனீங்க? இருவது நாள் வேலை."

"அது வெறும் மெழுகும்மா." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "அழாத, இங்க பாரு," என்றார்.

தாங்கியைக் குழியில் வைத்து அழுத்தினார். ஒரு பக்கம் முளை துளைக்குள் போனது. இன்னொரு பக்கம் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஓசூரில் கேட்ட அந்தச் சத்தம் என் சமையலறையில் தெளிவாகக் கேட்டது. பின்னாலிருந்து இனியாவின் கை என் தோளை இறுக்கியது.

"தூக்குங்க, தூக்குங்க," என்று அக்கா கத்தினார்.

அண்ணா இரண்டு விரலால் தாங்கியின் தலையைப் பிடித்தார். தட்டிலிருந்து அவள் மேலே வந்தாள். அவளோடு கல்லனும் மின்னியும் எல்லைவீரனும் மற்றவர்களும், ஒருவர் கையை ஒருவர் விடாமல் வந்தார்கள். யாரும் விழவில்லை.

போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.

"பாரும்மா," என்றார். "தாங்குது."